நாகச் சுண்ணமும் நனோத் துணிக்கையும்

பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் ஆகிய உலோகங்களை அணியாகவும் ஆயுதமாகவும் நாணயமாகவும் கொண்ட மனிதன், அவற்றை மருந்தாகவும் கொண்டான். உண்ணத் தகாத உலோகத்தை உண்ணத் தக்கதாக மாற்றுவதற்கு அவன் எடுத்துக்கொண்ட முயற்சி மிக நீண்டது. நெருப்பையும் நீரையும் இலையையும் வேரையும் அவன் அதற்குத் துணையாக அழைத்தான். இம்முயற்சியின் வரலாறு மருத்துவ வரலாற்றின் ஒரு பகுதியாகும். இரசாயனவியல் வரலாற்றின் ஒரு பகுதியுமாகும்.

இஞ்ஞான்று பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிலே தாவரச் சாற்றின் துணைகொண்டு உலோக ஒட்சைட்டு நனோத் துணிக்கைகளை ஆக்கும் முறை பெரிதும் பேசப்படுகின்றது. வேம்பு, கற்றாழை, தேயிலை என்னும் பெயர்களை அவ்வாய்வுகளிலே கண்டவுடன், "இவையெல்லாம் எம் முன்னோர் அன்றே கண்டவை" என்று ஒரு சாரார் முழங்குகின்றனர். "முன்னோர் கண்டது வெறுஞ் சாம்பலே, அறிவியல் முழுவதும் மேற்றிசையிற் பிறந்தது" என்று மற்றொரு சாரார் நகைக்கின்றனர். இவ்விரு கூற்றுக்களும் எத்துணைப் பொருத்தமானவை என்பதை ஓர் உலோகத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வுலோகம் நாகம்.

பெயரால் வரும் மயக்கம்

நாகம் என்று எம் நாட்டுப் பாடசாலைகளிலே நாம் கற்கும் உலோகத்தைத் தமிழ்நாட்டார் துத்தநாகம் என்பர். சித்த மருத்துவ நூல்களிலும் நாகம் என்பது பெரும்பாலும் இதனையே குறிக்கும். நாகபற்பம் என்பது இவ்வுலோகத்தினின்று செய்யப்படும் வெண்ணிறச் சுண்ணமாகும். ஆனால், வடமொழி ஆயுர்வேத நூல்களிலே நாகம் என்பது ஈயத்தைக் குறிக்கும். எம் நாகத்துக்கு அவர்கள் வழங்கும் பெயர் யசதம் அல்லது சசதம். எனவே, ஒரே பெயரையுடைய இரண்டு பற்பங்களுள் ஒன்று நாகத்தாலும் மற்றொன்று ஈயத்தாலும் ஆகியிருத்தல் கூடும். நாகம் உடலுக்குச் சிறிதளவு வேண்டப்படுவது; ஈயமோ எவ்வளவிலும் வேண்டப்படாத நஞ்சு. பெயரை மட்டும் நம்பி மருந்தைக் கொள்வது எத்துணை ஆபத்தானது என்பதற்கு இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இதனை வாசகர்கள் மனத்திலே இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். கட்டுரையின் இறுதியில் இது மீண்டும் பயன்படும்.

பண்டை உலகிலே

நாகத்தின் சேர்வைகளை மருந்தாகக் கொண்டோர் பாரத நாட்டார் மட்டுமல்லர். இத்தாலியின் தஸ்கனிக் கடற்கரைக்கு அப்பால் 1974இல் ஒரு பழைய கப்பலின் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. அது கிறித்துவுக்கு முன் 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. அதனுள் வெள்ளீயச் சிமிழ் ஒன்றிலே தட்டையான சாம்பனிற வில்லைகள் சில நீர் புகாது பாதுகாக்கப்பட்டிருந்தன. அவற்றை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, அவ்வில்லைகளின் முதன்மைப் பொருள் நாகத்தின் காபனேற்றுக்களாகும். அவற்றோடு மாப்பொருளும் பைன் மரப் பிசினும் தாவரக் கொழுப்பும் சேர்ந்திருந்தன. அவை கண்ணோய்க்கு உரிய மருந்தாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. உலோகச் சேர்வையும் தாவரப் பொருளும் ஒரே வில்லையிற் கூடியமைக்கு இது ஏறத்தாழ 2,100 ஆண்டுப் பழமையுடைய சான்று.

கி.பி. முதலாம் நூற்றாண்டிலே வாழ்ந்த கிரேக்க மருத்துவர் தியோசுக்கோரிதிசு, செம்பு உலைகளின் சுவரிலும் கூரையிலும் பஞ்சுபோலப் படியும் வெண்பொடியைப் பற்றி எழுதியுள்ளார். அது நாகவொட்சைட்டே. 13ஆம் நூற்றாண்டிலே பாரசீகத்தின் வழியாகச் சென்ற மார்க்கோ போலோவும், கண்ணுக்கு நல்லதெனக் கருதப்பட்ட 'துத்தியா' என்னும் பொருள் அங்கு ஆக்கப்பட்ட விதத்தைக் குறித்துள்ளார். ஒருவகை மண்ணை உலையிலிட்டு எரிப்பர். மேலே இருப்புச் சட்டகம் ஒன்றை வைப்பர். எழும் புகை சட்டகத்திற் படியும். அதனைச் சுரண்டி எடுப்பர். புகையாக எழுந்து பொடியாகப் படியும் துணிக்கை மிக நுண்ணியதாக இருக்கும் என்பதை அக்கால மக்கள் கையாற் தொட்டறிந்திருந்தனர். அதன் அளவை அறியும் கருவி அவர்களிடம் இருந்ததில்லை.

சாவார் உலைகள்

நாகவொட்சைட்டைப் பெறுவது எளிது. நாகத்தைத் தனி உலோகமாகப் பெறுவதோ மிக அரிது. செம்பையும் இரும்பையும் போல உலையின் அடியிலே அது தங்குவதில்லை. நாகம் 907 பாகை சதமத்திலேயே ஆவியாகிவிடும். அதன் ஒட்சைட்டிலிருந்து கரியின் துணையால் உலோகத்தைப் பிரிப்பதற்கோ அதற்கு மேலான வெப்பம் வேண்டும். ஆகவே, பிறந்த கணத்திலேயே அது ஆவியாகிக் காற்றைத் தொட்டு மீண்டும் வெண்பொடியாகிவிடும். இவ்விடரை வென்ற பெருமை இந்தியாவின் இராசத்தானத்திலே, உதயபுரிக்குத் தெற்கே உள்ள சாவார் என்னும் ஊருக்குரியது.

சாவாரிலே 1980களில் பிரித்தானிய நூதனசாலையும், பரோடா மகாராசா சயாசிராவ் பல்கலைக்கழகமும், இந்துத்தான் நாக நிறுவனமும் கூடி நடத்திய அகழ்வாய்விலே உலைகள் பல வெளிப்பட்டன. ஓர் உலையில் வரிசைக்கு ஆறாக ஆறு வரிசைகள், மொத்தம் 36 மண்வாலைகள் தலைகீழாக நிறுத்தப்பட்டிருந்தன. வாலைகள் கத்தரிக்காய் வடிவின. மேலே நெருப்பு, கீழே குளிர்ந்த அறை. வாலையினுள் எழுந்த நாகத்தின் ஆவி காற்றைத் தொடாது கீழ்நோக்கி இறங்கிக் குளிர்ந்து திரவமாகத் திரண்டது. ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டளவிலிருந்தே பேரளவில் இத்தொழில் அங்கு நடைபெற்றதென அறிஞர் கருதுகின்றனர்.

இம்முறையை ஒத்த ஒன்று 'இரசரத்தினசமுச்சயம்' என்னும் வடமொழி நூலிலே விரிக்கப்பட்டுள்ளது. வங்கத்து இரசாயன அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் 1902இல் முதற் பாகம் வெளியிட்ட தம் இந்து இரசாயன வரலாற்றிலே இதனை உலகறியச் செய்தார். அந்நூல் கூறும் சேர்மானங்களைப் பாருங்கள்: நாகத்தின் தாதுவை மஞ்சள், கடுக்காய், பிசின், சேங்கொட்டை, உப்பு, புகைக்கரி, வெண்காரம் ஆகியவற்றோடு புளிச்சாறு விட்டு அரைக்க வேண்டும். இவற்றுட் பல தாவரப் பொருள்களாம். அவை உலையிலே கரிந்து காபனாகி, தாதுவிலுள்ள ஒட்சிசனைக் கவர்ந்துகொள்ளும். எரியும் சுவாலையின் நீலம் வெண்மையாக மாறுவதே பக்குவத்தின் அடையாளம் என்றும் அந்நூல் கூறுகின்றது. கண்ணாற் கண்டு தேர்ந்து எழுதியவரின் கூற்று இது என்பது வெளிப்படை.

ஐரோப்பாவிலே வில்லியம் சம்பியன் என்பார் பிரிஸ்ரல் நகரிலே நாகத்தை வாலையிட்டு எடுக்கும் முறைக்கு 1738இல் ஆக்கவுரிமை பெற்றார். 1746இல் செருமானிய அறிஞர் மார்க்கிராப் நாகத்தைத் தனிப்படுத்தி அதன் இயல்புகளை விளக்கினார். அதற்கு முன்னர் கீழைத்தேயக் கப்பல்களில் ஏறிச் சென்ற நாகத்தையே ஐரோப்பிய வணிகர் 'தூத்தெனாக்' என்று வழங்கி வந்தனர்.

புடமும் பற்பமும்

உலோகமாகப் பெற்ற நாகத்தை மீண்டும் வெண்பொடியாக்கி மருந்தாக்கியதே பற்ப முறையாகும். இது சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் சிறப்பிடம் பெற்றது. எம் நாட்டிலே செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் நல்லூரிலிருந்து ஆண்ட அரசர்களின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. பரம்பரை வைத்தியர்களின் வீடுகளிலே கல்வமும் குழவியும் இன்றும் காணப்படுகின்றன. ஆதலின் இம்முறை எம்மவர்க்குப் புதியதன்று.

முதலிலே உலோகத்தைச் சுத்தி செய்வர். பின்னர் அதனை மூலிகைச் சாறு விட்டுக் கல்வத்திலிட்டுச் சாமக்கணக்காக அரைப்பர். வில்லை தட்டி வெயிலில் உலர்த்துவர். அகலிலே வைத்து மேலகல் மூடிச் சீலைமண் செய்வர். வரட்டி அடுக்கிப் புடமிடுவர். ஆறியபின் எடுத்து மீண்டும் சாறு விட்டு அரைத்து மீண்டும் புடமிடுவர். இவ்வாறு பலமுறை செய்தபின் பற்பம் முடிந்ததா என்பதை அறியச் சோதனைகள் உள. விரலிடையே தேய்த்தால் அப்பொடி விரல் இரேகைகளுட் புகுந்து நிற்க வேண்டும். நீரின்மேல் தூவினால் மிதக்க வேண்டும். உலோகப் பளபளப்பு எள்ளளவும் இருத்தலாகாது. சுவை இருத்தலாகாது. மீண்டும் உருக்கினாலும் பழைய உலோகமாக மாறலாகாது.

இச்சோதனைகளின் பொருளை இக்கால இரசாயனவியலாற் காண்போம். இரேகையுட் புகுதலும் நீரில் மிதத்தலும் துணிக்கையின் நுண்மையைக் காட்டுவன. பளபளப்பின்மையும் மீண்டும் உலோகமாகாமையும் உலோகம் முழுவதும் ஒட்சைட்டாகிவிட்டதைக் காட்டுவன. நுணுக்குக்காட்டி இல்லாத காலத்திலே விரலையும் நீரையும் நாவையும் கருவியாகக் கொண்டு வகுத்த தர நிர்ணயம் இது. 2009இல் மும்பை இந்தியத் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்தோர் சசதபற்பத்தை ஆராய்ந்து, அதிலே நனோ அளவிலான நாகவொட்சைட்டுத் துணிக்கைகள் இருப்பதையும், அவற்றில் ஒட்சிசனின் விகிதம் வழக்கமான சூத்திரத்தினின்று சற்று வேறுபடுவதையும் வெளியிட்டனர்.

இங்கே முதற் சாராரின் முழக்கம் ஓரளவு உண்மையாகின்றது. ஆனால், ஓரளவே. விரலிரேகையுட் புகும் துணிக்கை யாவும் நனோத் துணிக்கை ஆகா. அதனிலும் பன்மடங்கு பெரிய துணிக்கைகளும் இரேகையிற் புகும். அன்றியும், அச்சோதனைகளுள் ஒன்றேனும் ஈயத்தையோ இரசத்தையோ பாடாணத்தையோ கலந்திருக்கிறதா என்று காட்டமாட்டாது.

மேற்றிசையிலே நுண்மையின் தேடல்

இனி மேற்றிசைக்குச் செல்வோம். 1857இல் இலண்டனிலே மைக்கல் பரடே பொன்னின் உப்புக் கரைசலிலே பொசுபரசைச் சேர்த்து மாணிக்கச் சிவப்பான ஒரு திரவத்தைப் பெற்றார். பொன் அதிலே கண்ணுக்குப் புலப்படாத துணிக்கைகளாக மிதக்கின்றது என்றும், துணிக்கையின் அளவே நிறத்தை மாற்றுகின்றது என்றும் அவர் உய்த்துணர்ந்தார். 1903இல் சிக்மொண்டியும் சீடென்தொப்பும் ஆக்கிய மீநுணுக்குக்காட்டி அத்தகைய துணிக்கைகளின் இருப்பைக் காட்டியது. சிக்மொண்டிக்கு 1925ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. 1931இல் இலத்திரன் நுணுக்குக்காட்டி தோன்றியது. 1959 டிசம்பரில் அமெரிக்கப் பௌதிகர் ரிச்சார்ட் பைன்மன் அணுக்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பொருள் செய்யும் காலம் வரும் என்று பேசினார். 1974இல் யப்பானிய அறிஞர் நோரியோ தானிகுச்சி 'நனோ தொழினுட்பம்' என்ற சொல்லை வழங்கினார்.

ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. 1 முதல் 100 நனோமீற்றர் வரையுள்ள துணிக்கைகளையே நனோத் துணிக்கைகள் என்பர். நுண்மையால் வரும் பயன் யாது? ஒரு சதமமீற்றர் பக்கமுள்ள கனவுருவின் மேற்பரப்பு 6 சதுர சதமமீற்றர். அதனையே 10 நனோமீற்றர் பக்கமுள்ள சிறு கனவுருக்களாக வெட்டினால் அவற்றின் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றராகும். எம்மூர்க் கணக்கிலே தோட்டக் காணியில் இரண்டு பரப்புக்கு மேல்! ஒரு விரல் நுனியில் அடங்கும் பொருள் இத்துணைப் பரப்போடு நோய்க்கிருமியை எதிர்கொள்ளும் என்பதே இதன் மருத்துவப் பயனுக்கு அடிப்படை.

இதற்கிடையே நாகவொட்சைட்டு சாதாரண மருந்துப் பெட்டியிலும் இடம்பெற்றுவிட்டது. குழந்தைகளின் தோற்புண்ணுக்குப் பூசும் களிம்பிலும், அரிப்புக்குத் தடவும் இளஞ்சிவப்புக் கலமைன் திரவத்திலும், காயத்துக்கு ஒட்டும் பட்டியிலும் அது உண்டு. கலமைனின் இளஞ்சிவப்பு நிறம் அதிலே சிறிதளவு சேர்ந்த இரும்பொட்சைட்டினால் வருவது.

உடலின் உள்ளே நாகத்துக்கு உள்ள தேவை மிகப் பிந்தியே தெளிவாயிற்று. பீகாரிலே பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், ஈரானிலே வளர்ச்சி குன்றிய இளைஞரை ஆராய்ந்து, அதற்கு நாகக் குறைவு காரணமாகலாம் என்று 1961இல் எழுதினார். 2004இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும், வயிற்றோட்டமுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் நாகத்தை 10 முதல் 14 நாள் வரையும், ஆறு மாதத்திற்கு உட்பட்டோர்க்கு 10 மில்லிகிராமும் கொடுக்குமாறு பரிந்துரைத்தன. அளவு எவ்வாறு எண்ணால் வரையறுக்கப்பட்டுள்ளது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இலைச்சாற்றின் வருகை

நனோத் துணிக்கைகளை ஆக்குவதற்கு ஆய்வாளர் கையாண்ட இரசாயனங்கள் பல நச்சுத்தன்மை உடையன. கழிவு குறைந்த, தீங்கு குறைந்த இரசாயன முறைகள் வேண்டும் என்ற கொள்கையை 1998இல் அனஸ்தாசு, வார்னர் என்னும் இருவர் பன்னிரண்டு விதிகளாக வகுத்தனர். இச்சூழலிலே தாவரங்கள் மீண்டும் அரங்கேறின. 2002இல் அமெரிக்காவின் ரெக்சாசு மாநிலத்திலே கார்தியா தொரெசுதே குழுவினர், உயிருள்ள குதிரைமசாற் செடிகள் தம்முள்ளே பொன் நனோத் துணிக்கைகளை உண்டாக்குவதைக் காட்டினர். 2004இல் இந்தியாவின் பூனே தேசிய இரசாயன ஆய்வுகூடத்திலே முரளி சாஸ்திரி குழுவினர் வேப்பிலைச் சாற்றால் பொன், வெள்ளித் துணிக்கைகளை ஆக்கி வெளியிட்டனர். 2011இல் தமிழ்நாட்டு ஆய்வாளர் கற்றாழை இலைச்சாற்றால் நாகவொட்சைட்டுத் துணிக்கைகளை ஆக்கினர். அதன்பின் எண்ணிறந்த தாவரங்களின் பெயரால் ஆய்வுரைகள் வெளிவந்தன.

செய்முறை எளிது. இலையைக் கழுவி வெந்நீரிலே காய்ச்சி வடித்துச் சாறெடுப்பர். நாக நைத்திரேற்று அல்லது நாக அசற்றேற்றுக் கரைசலை அதனோடு கலந்து சூடாக்குவர். கிடைக்கும் களியை உலர்த்திச் சில நூறு பாகை வெப்பத்தில் எரிப்பர். வெண்பொடி கிடைக்கும். கல்வமும் அகலும் வரட்டியும் போய், கண்ணாடிக் குடுவையும் பீங்கான் கிண்ணமும் மின் உலையும் வந்தன. பார்ப்பவர்க்குப் புடமே நினைவுக்கு வரும்.

ஆயினும், ஓர் இடத்திலே நாம் நின்று சிந்திக்க வேண்டும். இலைச்சாறு நாக அயனைத் "தாழ்த்தி" நாகவொட்சைட்டை ஆக்குகின்றது என்று பல ஆய்வுரைகள் எழுதிவிடுகின்றன. வெள்ளிக்கும் பொன்னுக்கும் இக்கூற்றுப் பொருந்தும். அவற்றின் அயன்கள் எளிதில் இலத்திரனை ஏற்று உலோகமாகும் இயல்பின. இலையிலுள்ள பொலிபீனோல்கள் அவ்விலத்திரனைக் கொடுக்க வல்லன. நாகமோ அவ்வாறானதன்று. சாவாரிலே ஆயிரம் பாகைக்கு மேல் கரியோடு எரித்தும் அரிதாகப் பெற்ற உலோகத்தை வெந்நீரில் ஊறிய இலைச்சாறு எங்ஙனம் தரும்? உண்மையில், நாகவொட்சைட்டிலே நாகம் தாழ்த்தப்படுவதே இல்லை. கரைசலில் இருந்த அதே ஏற்ற நிலையிலேயே அது ஒட்சிசனோடு கூடியிருக்கின்றது. இலைச்சாற்றின் பணி வேறு. அது நாக அயனைப் பற்றிப் பிணைக்கின்றது; துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருகாதபடி காக்கின்றது; எரிக்கும்போது தான் எரிந்துபோய், துணிக்கைகளை நுண்மையாக விட்டுச் செல்கின்றது. ஆயிரம் ஆண்டுப் பழைய உலையின் வரலாற்றை அறிந்த மாணவன் இப்பிழையிலே விழமாட்டான். வரலாறு படிப்பதால் அறிவியலுக்கு வரும் பயன் இதுவாகும்.

பயனும் ஐயமும்

நாகவொட்சைட்டு நனோத் துணிக்கைகள் பற்றீரியாக்களை அழிக்க வல்லன என்பது ஆய்வுகூடங்களிலே பலமுறை காட்டப்பட்டுள்ளது. அவற்றினின்று கரையும் நாக அயனும், அவற்றின் மேற்பரப்பில் உண்டாகும் வீரியமிக்க ஒட்சிசன் வகைகளும், கிருமியின் சுவரோடு அவை நேரே ஒட்டுதலும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. புண்கட்டும் துணி, பற்சிகிச்சைப் பொருள், வெயிற்காப்புக் களிம்பு ஆகியவற்றிலே அவற்றுக்கு இடமுண்டு. இரும்பொட்சைட்டு நனோத் துணிக்கைகள் 1996இலேயே ஈரலைப் படம்பிடிக்கும் காந்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2009இல் வேறொரு வகை இரும்புக் குறைவுக்கு ஊசிமருந்தாக அனுமதி பெற்றது. ஆனால், அவை இலைச்சாற்றால் ஆனவை அல்ல. கட்டுப்பாடான இரசாயன முறையால் ஆக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதியும் ஒரே தன்மையுடையதெனச் சோதிக்கப்பட்டவை.

இலைச்சாற்று முறையின் இடர் இங்கேயே உளது. மாரியிற் பறித்த வேப்பிலையும் கோடையிற் பறித்த வேப்பிலையும் ஒன்றல்ல. செம்மண்ணில் வளர்ந்த கற்றாழையும் மணற்றரையில் வளர்ந்த கற்றாழையும் ஒன்றல்ல. சாறு மாறினால் துணிக்கையின் பருமனும் வடிவும் மாறும். அவை மாறினால் பயனும் நச்சும் மாறும். தட்டிலே கிருமியைக் கொன்ற பொருள் மனிதக் கலத்தையும் கொல்லக்கூடும். நாகவொட்சைட்டுப் புகையைச் சுவாசித்த ஒட்டுவேலைத் தொழிலாளர்க்குக் காய்ச்சல் வருவது நெடுங்காலமாக அறிந்த செய்தி. "பச்சிலையில் இருந்து வந்தது; ஆகவே தீங்கற்றது" என்னும் கூற்று விளம்பரத்துக்கு உதவும்; மருத்துவத்துக்கு உதவாது.

பழைய முறைக்கும் இதே நியதி உண்டு. 2004இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர்க் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேத மருந்துகள் 70ஐச் சோதித்தபோது, 14இல் ஈயமோ இரசமோ பாடாணமோ காணப்பட்டது. பெயரால் வரும் மயக்கத்தை முன்னர்க் கூறினேன். அம்மயக்கம் ஏட்டில் மட்டும் நிற்பதன்று. நோயாளியின் இரத்தத்திலும் கலக்கும்.

எம் கடன்

ஆகவே, முன்னர்க் கூறிய இரு சாராருக்கும் வரலாறு தரும் விடை யாது? முன்னோர் நனோ தொழினுட்பம் அறிந்தனர் என்பது மிகை. துணிக்கையின் அளவை அறியாதார் அவ்வளவை ஆண்டனர் என்று கூறுதல் பொருந்தாது. அவர் கண்டது வெறுஞ் சாம்பல் என்பதும் அறியாமை. காற்றைத் தவிர்த்து ஆவியைக் கீழிறக்கும் வாலையை அமைத்தவரும், மீண்டும் உலோகமாகிறதா என்று உருக்கிப் பார்த்தவரும் சோதனையின்றி நம்பியவர் அல்லர். அவர்கள் எமக்கு விட்டுச் சென்ற செல்வம் பற்பத்திலும் பார்க்க அச்சோதிக்கும் மனப்பான்மையே என்பது என் துணிபு.

எம் நாட்டிலே இப்பணிக்கு வாய்ப்புக்கள் உண்டு. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் பல்கலைக்கழகக் கல்வியாக உள்ளது. 2008இல் இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனம் நிறுவப்பட்டது. புல்மோட்டைக் கடற்கரை மணலிலே தைத்தேனியத்தின் தாது நிறைந்து கிடக்கின்றது. மானிப்பாயிலே 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். இரசாயனத்தைத் தமிழிற் கூறும் 'கெமிஸ்தம்' 1875இலேயே அச்சேறியது. ஆதலின் மொழியும் தடையன்று.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம்: வீட்டுப் பேழைகளிலே உறங்கும் வைத்திய ஏடுகளைச் செல்லரிக்க விடாது, படிக்கத் தெரிந்தார் கையிற் கொடுங்கள், நாகம் என்று எழுதியிருக்கும் இடத்திலே எவ்வுலோகம் கருதப்பட்டது என்பதை அறிந்த முதியோர் அதனைச் சொல்லிவையுங்கள். இளைஞர்களிடம் ஒரு விண்ணப்பம்: ஏட்டிலுள்ள முறையை வீட்டு அடுப்பிலே செய்து பார்க்க முனையாதீர்கள், ஆய்வுகூடத்திலே அளந்து பாருங்கள். எந்தத் தாவரம், எம்மாதத்தில், எந்நிலத்தில் பறித்தது, எத்தனை பாகையில் எரித்தது, எவ்வளவு ஈயம் கலந்தது என்று எண்ணால் எழுதிவையுங்கள். எண்ணும் எழுத்தும் கண்ணெனக் கொண்ட ஒரு சமூகத்துக்கு இது அரிய செயலன்று.